விளையாடச் சொன்ன வாத்தியார்!

எல்.கே.ஜி., யு.கே.ஜி., என்று தினமும் சொல்கிறோம். அதில் வரும் 'கே.ஜி.,' என்ற இரண்டு எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று யோசித்தது உண்டா குட்டீஸ்? கிண்டர்கார்டன் என்பதன் சுருக்கம்தான் அது. ஜெர்மன் மொழிச் சொல். 'கிண்டர்' என்றால் குழந்தைகள். 'கார்டன்' என்றால் தோட்டம். பள்ளிக்கூடத்துக்குப் போய் ஏன் தோட்டம் என்று பெயர் வைத்தார்கள்? வைத்தவர் யார்?

அவர் பெயர் பிரடெரிக் புரோபெல். குழந்தைகள் விளையாடுவதற்காகவே ஓர் இடம் வேண்டும் என்று சொன்னதற்காக ஊராரிடம் பைத்தியம் என்று பட்டம் வாங்கியவர். அரசாங்கத்திடம் தடை உத்தரவும் வாங்கியவர்!

ஜெர்மனியில் துரிங்கியா என்று ஒரு மலைக்காட்டுப் பகுதி. அங்கே ஓபர்வைஸ்பாக் என்ற கிராமத்தில் 1782ம் ஆண்டு ஏப்ரல் 21ம் தேதி பிறந்தார் புரோபெல். அப்பா, தேவாலயத்தில் பாதிரியார். சுற்று வட்டார கிராமங்கள் பலவற்றையும் அவரே கவனித்துக் கொள்ள வேண்டும். வீட்டில் இருக்கவே நேரமிருக்காது. குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆனபோது அம்மா இறந்து போனார். வேலைக்காரர்களும், அண்ணன்மார்களும்தான் தூக்கி வளர்த்தனர்.

மூன்று வயதாக இருக்கும்போது வீட்டுக்குச் சித்தி வந்தார். முதலில் பாசமாகத்தான் இருந்தார். சிறுவனும், அம்மா கிடைத்துவிட்டார் என்று ஒட்டிக் கொண்டான். ஆனால், அவருக்குச் சொந்தமாக ஒரு மகன் பிறந்ததும் எல்லாம் மாறிவிட்டது. வீட்டுப் பிள்ளையிடம், 'நீ' என்று உரிமையோடு பேசுவதுதானே வழக்கம்? அதை விட்டுவிட்டு, யாரோ மூன்றாம் மனிதனைக் குறிப்பிடுவது போல, 'அவன்' என்று பேச ஆரம்பித்தார் சித்தி. ஒரே ஒரு சொல்தான் மாறியது. ஆனால், கிழவரான பிறகும் புரோபெல் அதை மறக்கவில்லை.

வீட்டைச் சுற்றி வேலி. அதைத் தாண்டிப் போகக் கூடாது. மற்ற பிள்ளைகளோடு சேர வழியில்லை. பக்கத்தில் இருந்த தேவாலயத்தில் கட்டட வேலை நடந்தது. கொத்தனார்கள் கல் மேல் கல் வைப்பதை ஜன்னல் வழியே பார்த்துக் கொண்டே இருப்பான் பிரடெரிக். அதே மாதிரி தானும் கட்ட வேண்டும் என்று ஆசை வந்தது. கையில் கிடைத்த சாமான்களை எல்லாம் அடுக்கிப் பார்த்தான். ஒன்றுக்கொன்று பொருந்தாத பொருட்கள் எப்படி நிற்கும்? சரிந்து சரிந்து விழுந்தன. இந்தச் சின்னத் தோல்வியை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து இதற்கு வேலை இருக்கிறது!

படிப்பிலும் பிரடெரிக் சுமார்தான். அவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுத் தருவதற்குள் அப்பாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் அவனைக் கொண்டு போய் பெண் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் சேர்த்தார். அங்கும் சேர்ந்து விளையாட ஒரு பையன் கூட இல்லை.

பத்து வயதில்தான் விடிவு பிறந்தது. இறந்து போன அம்மாவின் உறவினரான ஹாப்மன் என்ற பெரியவர், 1792ம் ஆண்டு அந்த வீட்டுக்கு வந்தார். பையனின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. தன்னோடு ஸ்டாட் இல்ம் என்ற ஊருக்கு அழைத்துப் போனார். அந்த வீட்டில் வேலி இல்லை. எங்கே வேண்டுமானாலும் போகலாம். நேரத்துக்குத் திரும்பி வந்தால் போதும். பள்ளியில் சுமார் 40 பையன்கள்!

ஆனால் பாருங்கள், உடனே ஓடிப்போய் விளையாட அவனால் முடியவில்லை. ஓடத் தெரியாது, தாவத் தெரியாது, மற்ற பையன்களுக்கு இருந்த பலம் அவனுக்கு இல்லை. எப்படிச் சேர்வது, எப்படி விட்டுக் கொடுப்பது, தோற்றால் என்ன செய்வது? இதெல்லாம் மூன்று, நான்கு வயதிலிருந்து கூட்டத்தோடு புரண்டு எழுந்தவர்களுக்குத் தானாகவே வந்திருக்கும். இவனோ பத்து வயதில் முதல் வகுப்பு! கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கற்றுக் கொண்டான். தயக்கம் போய் தைரியம் வந்தது. அங்கே இருந்த ஐந்து ஆண்டுகள்தான் தன் பிள்ளைப் பருவம் என்று பின்னாளில் அவர் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை.

அதன் பிறகு 20 ஆண்டுகள் அவர் பார்த்த வேலைகளைச் சொன்னால் தலை சுற்றும். காட்டிலாகா அதிகாரி ஒருவரிடம் பயிற்சி, நில அளவை, எழுத்தர் வேலை... ஜெனா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, கையில் இருந்த பணத்தை அண்ணனுக்குக் கடன் கொடுத்துவிட்டார். அது திரும்பி வரவில்லை. இவர் 30 தாலர் பாக்கி வைத்தார் என்று பல்கலைக்கழகச் சிறையில் ஒன்பது வாரம் பூட்டி வைத்தார்கள்! பணத்தைக் கையாளும் சாமர்த்தியம் அவருக்குக் கடைசி வரை வரவே இல்லை.

கட்டடக் கலைஞர் ஆகலாம் என்று 1805ல் பிராங்க்பர்ட் நகருக்குப் போனார். அங்கே குரூனர் என்ற தலைமையாசிரியர், தன் பள்ளியில் பாடம் நடத்திப் பார்க்கும்படி சொன்னார். வகுப்பறையில் நின்ற முதல் நாளே, தன் இடம் இதுதான் என்று புரோபெலுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் கல்வி என்றாலே எல்லாரும் ஸ்விட்சர்லாந்தைத்தான் பார்ப்பார்கள். அங்கே இவர்டன் என்ற ஊரில் பெஸ்டலோசி என்ற புகழ்பெற்ற ஆசிரியர் இருந்தார். பிரம்பு இல்லாமல், பார்த்தும் தொட்டும் கற்க வைத்தவர் அவர். மூன்று மாணவர்களைக் கூட்டிக் கொண்டு அங்கே போய் 1808 முதல் 1810 வரை தங்கினார் புரோபெல். பாடங்களில் சில அவருக்குப் பிடித்தன, சில பிடிக்கவில்லை. பையன்கள் கூட்டமாக வெளியே விளையாடியதுதான் அவரை ரொம்பவும் கவர்ந்தது.

நடுவே ஒரு யுத்தம். நெப்போலியனை எதிர்த்து 1813ல் தொண்டர் படையில் சேர்ந்தார். அங்கே லாங்கதால், மிடன்டார்ப் என்று இரண்டு இளைஞர்கள் நண்பர்களானார்கள். குறிப்பாக மிடன்டார்ப்! சம்பளம் உண்டா, சாப்பாடு உண்டா என்று கேட்காமல் வாழ்நாள் முழுவதும் கூடவே இருந்தவர். இப்படி ஒரு நண்பன் கிடைத்தால் எந்த மனிதனும் கொடுத்து வைத்தவன்தான். யுத்தம் முடிந்ததும் பெர்லினில் கனிமப் பொருள் அருங்காட்சியகத்தில் வேலை. கனசதுரமாகவும், பட்டை பட்டையாகவும் இருக்கும் படிகக் கற்களைத் தரம் பிரித்து வைக்க வேண்டும். இந்த வடிவங்களும் அவர் மனதில் போய் உட்கார்ந்து கொண்டன.

அந்தச் சமயத்தில், அவர் மிகவும் நேசித்த அண்ணன் கிறிஸ்டோப், விஷக் காய்ச்சலில் இறந்து போனார். மூன்று பையன்கள் அப்பா இல்லாமல் நின்றார்கள். நல்ல வேலையை உதறிவிட்டு ஊருக்குக் கிளம்பினார் புரோபெல். அந்த மூவர், இன்னோர் அண்ணனின் மகன்கள் இருவர். ஆக ஐந்து மாணவர்களோடு 1816ல் ஒரு பள்ளியை ஆரம்பித்தார். மறு ஆண்டே அது கைல்ஹாவ் என்ற மலைக் கிராமத்துக்கு மாறியது. அந்த ஐந்து பையன்களில் கார்ல் என்று ஒருவன் இருந்தான். இவனையும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

கைல்ஹாவில் பாடமும் உண்டு. காடு, மலை, ஓட்டம், ஆட்டமும் உண்டு. பையன்கள் விளையாடுவதை ஓரமாக நின்று கவனிப்பார் புரோபெல். 1826ல் அவர் எழுதிய, 'மனிதக் கல்வி' என்ற புத்தகத்தில் அப்படிக் கவனித்த விஷயங்கள் நிறைய வருகின்றன. ஒரு கூட்டமாக விளையாடும் பையன்களைப் பாருங்கள். அங்கே நியாயம் பேசுகிறார்கள். ஏமாற்றினால் யாரும் சேர்த்துக் கொள்வதில்லை. சின்னப் பையனுக்கும், புதிதாக வந்தவனுக்கும், பலம் இல்லாதவனுக்கும் கொஞ்சம் சலுகை கொடுக்கிறார்கள். யாரும் உட்கார்த்தி வைத்துப் போதித்து வருவதல்ல இது. அதனால், ஒவ்வோர் ஊரிலும் பிள்ளைகளுக்கென்று பொதுவான விளையாட்டுத் திடல் இருக்க வேண்டும் என்று எழுதினார். (அந்தப் புத்தகத்தைப் படிப்பது லேசான காரியம் இல்லை. நீள நீளமான வாக்கியங்கள். எழுதுவதைவிட விளையாடுவதுதான் அவருக்கு நன்றாக வந்தது!)

பிரஷ்யா என்ற பெரிய அரசுக்கு இந்தப் பள்ளி மீது சந்தேகம் வந்தது. இங்கே ஆட்சிக்கு எதிரான ஆட்களை உருவாக்குகிறார்களோ? அன்று ஜெர்மனி ஒரே நாடாக இல்லை. பல சின்னச் சின்ன அரசுகளாகச் சிதறிக் கிடந்தது. பிரஷ்யாவின் நெருக்கடி தாங்காமல், புரோபெல் இருந்த குட்டி அரசு ஓர் அதிகாரியை அனுப்பிச் சோதனை போட்டது. வந்தவர் பள்ளியைப் பார்த்து அசந்து போய்ப் பாராட்டி எழுதினார். இருந்தும் என்ன? பயந்த பெற்றோர் பிள்ளைகளை அழைத்துப் போய்விட்டார்கள். ஐம்பதுக்கும் மேல் இருந்த மாணவர்கள், 1829ல் ஐந்தாறு பேராகச் சுருங்கிவிட்டனர்.

பிறகு சில ஆண்டுகள் ஸ்விட்சர்லாந்தில். 1835ல் பர்க்டார்ப் என்ற ஊரில் அனாதை இல்லத்தைக் கவனிக்கும் பொறுப்பு வந்தது. சின்னஞ்சிறு குழந்தைகளோடு பழகப் பழக, அவருக்கு ஒன்று தெளிவானது. ஏழு வயதில் பள்ளிக்கு வரும்போதே பாதி விஷயம் முடிந்து போகிறது. அதற்கு முன்னால் இருக்கும் வயதை யாருமே கவனிக்கவில்லை! அப்போதும் ஏழைக் குழந்தைகளை வைத்துப் பார்த்துக் கொள்ளும் காப்பகங்கள் இருந்தன. ஆனால், பல இடங்களில் பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்து, சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைத்தார்கள். மூன்று வயதுக் குழந்தை கையைக் கட்டி உட்கார்ந்திருந்தால் எதைக் கற்றுக் கொள்ளும்?

அதனால் 1837ல், 55வது வயதில், பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் புதிய வேலையைத் தொடங்கினார். விளையாட்டுச் சாமான் செய்யும் வேலை! அவற்றுக்கு, 'பரிசுகள்' என்று பெயர் வைத்தார்.

முதல் பரிசு, கம்பளி நூலால் ஆன ஆறு மெத்துமெத்துப் பந்துகள். ஒவ்வொன்றும் ஒரு நிறம். தொங்கவிட ஒரு கயிறு. இரண்டாவது பரிசு, மரத்தில் செய்த கோளம், உருளை, கனசதுரம். மூன்றாவது, ஒரு கனசதுரத்தை எட்டுச் சின்னக் கனசதுரங்களாக அறுத்தது. அடுத்தடுத்த பெட்டிகளில் செங்கல் போன்ற கட்டைகளும், குறுக்கே வெட்டிய துண்டுகளும் வரும். எல்லாம் அளவெடுத்துச் செய்ததால் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தும். ஓபர்வைஸ்பாக் வீட்டில் சரிந்து விழுந்த சாமான்கள் ஞாபகம் இருக்கிறதா?

இந்தக் கட்டைகளுக்கு ஒரு விதி உண்டு. கட்டும்போது ஒரு துண்டு கூட மிச்சம் இருக்கக் கூடாது. வீடு கட்டி முடித்தபின் ஒரு கட்டை மீந்து போனால், அதை வாசற்படியாக வைக்கலாம். முன்னால் நிற்கும் மரம் என்று சொல்லலாம். எப்படியாவது அதற்கும் ஓர் இடம் கொடுத்தாக வேண்டும். அடுத்து நாற்காலி செய்ய வேண்டுமா? வீட்டைத் தட்டிக் கலைக்கக் கூடாது. ஒவ்வொரு கட்டையாக நகர்த்தி, வீட்டையே நாற்காலியாக மாற்ற வேண்டும். வீட்டில் முயன்று பாருங்கள். கேட்க லேசாக இருக்கும், செய்யும்போது தெரியும்!

கட்டைகளைத் தனியாகவும் வைத்து விளையாடலாம். ஆனால், வட்ட விளையாட்டுக்குக் கட்டாயம் கூட்டம் வேண்டும். புறாக்கூடு விளையாட்டு அதில் ஒன்று. குழந்தைகள் கை கோத்து வட்டமாக நிற்பார்கள், அதுதான் கூடு. சில பேர் நடுவில் புறாக்கள். பாட்டுப் பாடிக்கொண்டே வட்டத்தில் இருப்பவர்கள் கைகளை உயர்த்துவார்கள். கூடு திறந்துவிட்டது! புறாக்கள் வெளியே பறந்து சுற்றிவிட்டு, கூட்டுக்குத் திரும்பி வரும். எங்கே போனோம், என்ன பார்த்தோம் என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேட்க வேண்டும்.

ரொம்ப எளிமையாக இருக்கிறது அல்லவா? கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கூடாக நிற்பவனுக்கும் பறக்க ஆசைதான். ஆனால், எல்லாரும் பறந்துவிட்டால் கூடு ஏது? அவன் சரியான நேரத்தில் கையைத் தூக்காவிட்டால் புறா வெளியே போக முடியாது. அடுத்த முறை அவன் புறா ஆவான். கூச்சத்தால் பேசாமலே இருக்கும் குழந்தை கூட, சுற்றி வந்ததும் ஒரு வார்த்தையாவது சொல்லியாக வேண்டும். அதைக் கேட்பதற்கு ஒரு வட்டமே காத்திருக்கிறது. ஸ்டாட் இல்ம் பள்ளியில், பத்து வயதில் எப்படிச் சேர்வது என்று தெரியாமல் நின்றானே ஒரு பையன். அவனுக்கு நான்கு வயதில் இது கிடைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்!

நிஜத் தோட்டமும் உண்டு. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சின்னப் பாத்தி. அதில் அந்தக் குழந்தை இஷ்டப்பட்டதை விதைக்கலாம். யாரும் குறுக்கே வரக் கூடாது. அந்தப் பாத்திகளைச் சுற்றி எல்லாருக்கும் பொதுவான பாத்திகள். அங்கே வேலை செய்யும்போது சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும். இடம் பற்றாக்குறை என்றால் இரண்டு பேருக்கு ஒரு பாத்தி. அப்படிப் பகிர்ந்து கொள்வதும் நல்லதுதான். இரண்டு பேரும் அனுசரித்துப் போகப் பழகுவார்கள் என்பது அவர் கருத்து.

இவ்வளவும் இருந்தது, பெயர் மட்டும் கிடைக்கவில்லை. பள்ளி என்று சொல்ல அவருக்கு மனமில்லை. 1840ல் ஒரு நாள் கைல்ஹாவிலிருந்து மலையைத் தாண்டி நண்பர்களோடு நடந்து வந்து கொண்டிருந்தார். கீழே பள்ளத்தாக்கு ஒரு பெரிய தோட்டம் போல விரிந்து கிடந்தது. நின்ற இடத்திலேயே கிண்டர்கார்டன் என்று கத்தினார் புரோபெல். பெயர் கிடைத்துவிட்டது! அந்த ஆண்டு ஜூன் 28ம் தேதி, பிளாங்கன்பர்க்கில் விழா எடுத்து அந்தப் பெயரை அறிவித்தார்.

பணம் சேர்க்க, ஜெர்மன் பெண்கள் ஆளுக்கு 10 தாலர் போட்டுப் பங்கு வாங்க வேண்டும் என்று கேட்டார். வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனாலும், பெண்களை நம்பியதை அவர் விடவில்லை. சின்னக் குழந்தைகளுக்கு ஆசிரியராக இருக்க இளம்பெண்களுக்கு முறையாகப் பயிற்சி கொடுத்தார். பெண்கள் வெளியே வந்து வேலை பார்ப்பதையே கேலி செய்த காலம் அது. இதைச் சொல்வதற்கே துணிச்சல் வேண்டும்.

1849ல் லீபன்ஸ்டைன் என்ற ஊருக்குக் குடிபோனார். மருத்துவ நீரூற்றுகளில் குளிக்கப் பணக்காரர்கள் வந்து தங்கும் ஊர். அங்கே வந்த பெர்தா என்ற பிரபு குலப் பெண்மணியிடம், ஊரார் ஒரு வேடிக்கை சொன்னார்கள். கிராமத்துப் பிள்ளைகளோடு ஆடிப் பாடிக் கொண்டு ஒரு கிழட்டுப் பைத்தியம் இங்கே சுற்றுகிறதாம்! சில நாட்களில் பெர்தாவே அந்தக் கிழவரைப் பார்த்தார். நீண்ட நரைமுடி. உயரமான, மெலிந்த உருவம். பின்னால் இரண்டு இரண்டு பேராகக் குழந்தைகள். பெரும்பாலும் காலில் செருப்பு கூட இல்லாதவர்கள். மேட்டில் ஏறியதும் வட்டமாக நின்று பாட்டும் ஆட்டமும். கிழவரும் ஒரு குழந்தை போல நடுவில் நின்றார். பெர்தா சிரிக்கவில்லை. இப்படிப்பட்டவர்களைத்தான் உயிரோடு இருக்கும்போது கேலி செய்துவிட்டு, பிறகு சிலை வைக்கிறார்கள் என்று தோன்றியது அவருக்கு. அன்றிலிருந்து புரோபெலின் வேலைக்குத் தோள் கொடுத்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், அருகில் உள்ள ஆல்டன்ஸ்டைன் பூங்காவில் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து சுமார் 300 குழந்தைகள் கூடி விளையாடிய பெரிய விழா நடந்தது.

எல்லாம் கைகூடி வருகிற நேரத்தில் இடி விழுந்தது. 1851ம் ஆண்டு ஆகஸ்ட் 7ம் தேதி, பிரஷ்ய அரசின் கல்வி அமைச்சர் ராமர் ஓர் உத்தரவு போட்டார். இனி பிரஷ்யாவில் எங்கும் கிண்டர்கார்டன் நடத்தக் கூடாது! அவை குழந்தைகளுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லாமல் செய்கின்றன. அரசுக்கு எதிரான கருத்துகளைப் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு. பாதிரியார் மகனான புரோபெலுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அவர் பாட்டுகளில் பக்தி நிறைந்து கிடக்கிறதே!

விஷயம் என்னவென்றால், கார்ல் புரோபெல் என்பவர் பெண்களுக்கான உயர்கல்வி பற்றியும், கிண்டர்கார்டன் பற்றியும் ஒரு சிறு நூல் எழுதியிருந்தார். அவருடைய அரசியல் கருத்துகள் அமைச்சருக்குப் பிடிக்காது. அந்தப் புரோபெலையும், இந்தப் புரோபெலையும் ஒன்றாகக் குழப்பிவிட்டார்கள்! யார் அந்தக் கார்ல்? அப்பா இல்லாமல் நின்றானே என்று, நல்ல வேலையை விட்டு ஓடி வந்து இவர் வளர்த்தாரே, அதே அண்ணன் மகன்தான்.

ஆள் மாறிவிட்டது என்று எடுத்துச் சொன்னார் புரோபெல். பெர்தாவும், கல்வியாளர் டீஸ்டர்வெக்கும் வாதாடினர். அமைச்சர் அசையவில்லை. இரண்டு பேர் கருத்தும் அடிப்படையில் ஒன்றுதான் என்று சாதித்தார். லீபன்ஸ்டைன் வேறோர் அரசின் எல்லைக்குள் இருந்ததால், அவர் அங்கே பயிற்சி கொடுப்பதைத் தடுக்க முடியவில்லை. ஆனால், ஜெர்மன் அரசுகளிலேயே பெரிய அரசான பிரஷ்யாவில் அத்தனை கதவும் மூடிக் கொண்டது. கிண்டர்கார்டனை அமெரிக்காவுக்குக் கொண்டு போய்விடலாமா என்று கூட யோசித்தார் அந்த 69 வயது மனிதர்.

மறு ஆண்டு, 1852ம் ஆண்டு ஜூன் 21ம் தேதி, மரியன்தால் என்ற இடத்தில் கண்ணை மூடினார். தடை நீங்கியதை அவர் பார்க்கவில்லை. 1860ல்தான் அது விலக்கப்பட்டது. அதற்குள் அவரிடம் பயின்றவர்களும், அவர்களிடம் பயின்றவர்களும் கட்டைப் பெட்டிகளோடு பல நாடுகளுக்குப் போய்விட்டார்கள். 1856ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வாட்டர்டவுன் என்ற ஊரில் மார்கரெத்தே ஷுர்ஸ் தன் வீட்டிலேயே ஒரு கிண்டர்கார்டன் தொடங்கினார். 1876ல் டோக்கியோவிலும் ஒன்று வந்தது. அதே ஆண்டு பிலடெல்பியா நகரில் நடந்த பெரிய கண்காட்சியில், ஓர் அமெரிக்க அம்மா புரோபெலின் கட்டைகளைப் பார்த்தார். தன் ஒன்பது வயது மகனுக்கு வாங்கிக் கொடுத்தார். அந்தப் பையன்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட். அந்த மரக்கட்டைகள் தன் விரல்களில் இன்னும் இருக்கின்றன என்று முதுமையிலும் அவர் சொல்லிக் கொண்டிருந்தார்.

எல்லாமே நல்லபடியாகப் போய்விடவில்லை. பின்னால் வந்தவர்களில் பலர், கட்டையை இப்படித்தான் வைக்க வேண்டும், பந்தை இப்படித்தான் ஆட்ட வேண்டும் என்று டிரில் வகுப்பு போல ஆக்கிவிட்டார்கள். கையைக் கட்டி உட்காரும் பெஞ்சுக்கு வேறு வடிவத்தில் உயிர் வந்துவிட்டது.

புரோபெலின் சமாதி ஷ்வைனா என்ற ஊரில் இருக்கிறது. அதன் மேல் என்ன வைப்பது என்று முடிவு செய்தவர், யுத்த காலத்து நண்பரான மிடன்டார்ப். சிலுவையோ, சிலையோ வைக்கவில்லை. அடியில் ஒரு கனசதுரம், அதன் மேல் உருளை, உச்சியில் கோளம். இரண்டாவது பரிசுப் பெட்டியைப் பிரித்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது போலவே இருக்கும்.